நூறு கெஜம்

டெங்குப் புழு பார்க்கிற எனக்கு
அன்றைக்கு டேப் பிடிக்கிற வேலை.
வேறு ஆள் இல்லை.
"அந்த முனையைப் பிடிச்சா போதும்" என்றார்
சுகாதார ஆய்வாளர் கலியமூர்த்தி.

பள்ளிக்கூட மதிலில் இருந்து நூறு கெஜம்,
அதற்குள் பீடி சிகரெட் விற்கக் கூடாது.
கெஜம் நான் புடவைக்கடையில் கேட்டதோடு சரி.
சார் செல்போனில் போட்டுப் பார்த்துச் சொன்னார்:
தொண்ணூற்றொன்றரை மீட்டர்.

தையநாயகி கடை வாய்க்காலுக்கு அக்கரை.
பாலம் சுற்றிப் போனால் நூற்று நாற்பது,
கொரடாச்சேரி வெயிலில் இரண்டு தடவை அளந்தோம்.
"பாத்தீங்கல்ல, நான் வெளியில இருக்கேன்" என்றாள்
கடலைமிட்டாய் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே.
சார் ஆணையைப் புரட்டினார்.
நடக்கிற தூரம் கணக்கில்லையாம்,
நேர்கோடுதானாம்.

நேர்கோட்டில் வாய்க்கால் கிடந்தது.
மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்,
கரை தொட்டுப் போகிறது தண்ணீர்,
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு,
குங்குமம் தடவிய தேங்காய்மூடி.
பங்குனியில் வந்திருந்தால் சுலபம்.
அப்போது அது வெறும் மணல்,
பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்,
பந்து பொறுக்க ஓடுகிறவன்
கடை வாசலில்தான் போய் நிற்பான்.
தண்ணீர் வந்ததும் கடை தள்ளிப் போய்விடும்.
ஆணையில் மாதம் போடவில்லை.

முதல் ஐம்பது மீட்டர் தரையிலேயே முடிந்தது.
அப்புறம் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.
முழங்கால், இடுப்பு, நெஞ்சு.
டேப்பைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன்,
கரகம் எடுத்தவள் மாதிரி.
ஏழாம் வகுப்பு மொத்தமும் மதிலில் ஏறி நின்றது.
என் மகன் மட்டும் ஏறவில்லை.
எல்லாச் சட்டையும் ஒரே நிறம்தான்,
ஆனாலும் தெரிந்தது.

எண்பத்தெட்டு.
மூன்றரை மீட்டர் குற்றம்.
இருநூறு ரூபாய் ரசீது.
சாட்சி என்ற இடத்தில்
ஈரக் கையால் என் கையெழுத்து,
மை பரவி ஓர் எழுத்து காணாமல் போனது.

மறுநாள் நாலு பேர் பெட்டிக்கடையைத் தூக்கிப்
பன்னிரண்டு அடி தள்ளி வைத்தார்கள்,
புளியமரத்துக்கு அந்தப் பக்கம்.
செங்கல் கொடுத்து மட்டம் பார்த்தார்கள்.
கூலிக்கு மேல்
ஆளுக்கொரு சிகரெட் நீட்டினாள் தையநாயகி.
இப்போது அது சட்டப்படி சரி.

போகும்போது சார் ஒரு பலகை கொடுத்திருந்தார்,
பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்பனை இல்லை என்று.
காலண்டருக்குப் பக்கத்தில் அடித்து மாட்டியிருந்தாள்.
சாயங்காலம் என் மகன் போனான்,
மூன்றாம் வகுப்பிலிருந்து
அப்பாவுக்குப் பீடி வாங்கப் போகிறவன்.
"பலகையைப் படி" என்றாளாம்.
"உங்கம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கா,
அவளையே வரச் சொல்லு."

அன்றிலிருந்து நான் போகிறேன்.

தஞ்சாவூர் மெடிக்கலில் எடுத்த படம்
கவரோடு ஆணியில் தொங்குகிறது.
டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடம் எனக்கு
மாடிவீட்டுத் தொட்டியின் அடிபோல் இருந்தது,
டார்ச் அடித்தால் எதுவோ நெளிகிற மாதிரி.
தொட்டி என்றால் மருந்து ஊற்றுவேன்,
மூடி போடச் சொல்லி வீட்டுக்காரியோடு சண்டை போடுவேன்.
இவர் இருமி முடித்துவிட்டுச்
சில்லறையை எண்ணி நீட்டுகிறார்.
நான் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று பாலத்தில் நின்றேன்,
நூற்று நாற்பதில் பாதி இருக்கும்.
வேலைப் பழக்கம், குனிந்து தண்ணீரைப் பார்த்தேன்.
ஓடுகிற தண்ணீரில் புழு வைக்காது.
அக்கரையில் தையநாயகி பல்பைப் போட்டாள்.
என்னைப் பார்த்ததும் அவள் கை
பீடிக்கட்டு இருக்கிற தட்டுக்குப் போனது,
அப்புறம் கீழே இறங்கிக்
கடலைமிட்டாய் மூடிமேல் நின்றது,
திருகாமல்.