எதுவும் விடுபடாமல்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பலகையில்
ஒரு 'ப்' உதிர்ந்து இரண்டு வருடம்.

மாப்பிள்ளை ஹாம்பர்க். கல்கிசைக் கடற்கரையில்
வெள்ளி காலை பத்தரைக்குப் பதிவு.
மணலில் வளைவு, ஓர்க்கிட் பூ, வயலின்காரர்
எல்லாவற்றுக்கும் முற்பணம் கட்டியாயிற்று.
கடவுச்சீட்டு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.
இப்போது தனியாள்தான் என்பதற்கு
அவரது ஊர் முத்திரையோடு ஒரு தாளும் இருக்கிறது.
தனியாள் என்று நிரூபிக்கத்தான்
எத்தனை பேரின் கையெழுத்து!

மிச்சம் இதுதான்: முதல் விவாகம் முறிந்த தீர்ப்பு.
பதிவாளருக்கு ஆங்கிலப் பிரதி போதும்.
பெண்ணின் தாய், வெள்ளவத்தை புனிதமலர்,
"எனக்குத் தமிழில வேணும்" என்றாராம்.

ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு யாரோ இறக்கியதை
நான் தமிழுக்கு இறக்கினேன்.
படகு மனைவிக்கு. அடுப்பு மனைவிக்கு.
நாயைப் பற்றி ஒரு முழுப் பந்தி.
நான்காம் பக்கத்தில், நாய்க்கும் கீழே,
ஒரு பிள்ளை. ஒன்பது வயது.
மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தகப்பனோடு.

விசையில் விரல் நின்றது.
இது யாருக்குத் தெரிந்த பிள்ளை?
கடதாசிகளைத் தந்துபோக வந்த அன்று
மணப்பெண் அவரது சுண்டுவிரலைப் பிடித்தபடி நின்றாள்.
பூவைப் பற்றிப் பேசினார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.
ஒரு வரிதானே, என்றது மனம்.
ஆனால் கடைசி வரியில் நான் சத்தியம் செய்கிறவன்:
எதுவும் கூட்டாமல், எதுவும் விடுபடாமல்.
எழுதினேன்.

புதன் பின்னேரம், மழை. தாய் தனியே வந்தார்.
குடையைக் கதவில் சாத்திவிட்டு
நின்றபடியே வாசித்தார்.
படகு. அடுப்பு. நாய்க்குச் சற்றே சிரித்தார்.
நான்காம் பக்கத்தில்
கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.
கீழே ஓர் ஓட்டோ விடாமல் ஹோர்ன் அடித்தது.
தண்ணீர் எடுக்க நான் எழுந்தேன்.

"தம்பி, இது பிழை.
ஜூலி இல்லை, யூலெ.
ஜூ என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோவம் வரும்.
நாளைக்கு விடிய இறங்குறாள்.
பாவாடை நீளம் சரியோ தெரியேல்லை,
போனில அளந்து சொன்னவள்."

இரண்டு எழுத்துக்காக நான்காம் பக்கத்தைத்
திரும்ப அச்சிட்டேன்.
முத்திரை மை காயுமுன்பே வாங்கிக்கொண்டு
படியிறங்கினார்.
குடை என் கதவிலேயே,
சொட்டிக்கொண்டு.