தராசு சரிபார்க்க வந்தவன்

ரோசியோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம்.
இத்தனை வருடம் தமாயா எனக்கு
ரயில் ஜன்னலில் ஓடிப்போகும்
ஈரத்துணி பால்கனிகள், அவ்வளவுதான்.
இந்த மார்ச்சில் நகராட்சி என்னை
இங்கே இறக்கிவிட்டது,
எடைக்கல் பெட்டியோடு.
பெட்டி பதினாலு கிலோ.
மேடு ஏறினால் இருபது.

வேலை லேசானது.
கடைக்குள் போ. வணக்கம் சொல். கல்லை வை.
தராசு பொய் சொன்னால் சிவப்புச் சீட்டு,
இல்லையென்றால் பச்சை.

முதல் நாள் என் தலையைக் கண்டதும்
மீன்கடை ஷட்டர் பாதிக்கு இறங்கியது.
சாவி வெட்டுகிற அபீலியோ
தன்னிடம் தராசே கிடையாது என்று
மூன்று முறை சத்தியம் செய்தார்.
நான் கேட்டது,
கழிப்பறை எங்கே என்று.

"எதிரே, ஜுவெனால் கடையில்.
காப்பி வாங்கினால்தான் சாவி தருவான்."

அப்படிக் குடித்ததுதான் தமாயாவின் முதல் காப்பி.
சுண்டுவிரல் உயரம்.
கோப்பையின் காது சுட்டது.
நாக்கில் முதலில் கசப்பு,
கொஞ்சம் பொறுத்து
வறுத்த கொட்டையின் வாசம் மூக்கு வழியாக மேலே.
பக்கத்தில் நின்ற கொத்தனார்
அடியில் தங்கிய சர்க்கரையைக்
கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.
நானும் வழித்தேன்.
அலுவலகப் பக்கத்துக் கடைகளில்
ஒருநாளும் துணியாத காரியம்.

ஜுவெனால் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.
வாசல் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும்:
இவருக்குக் குட்டையாக, அவளுக்கு நிரம்ப,
தபால்காரருக்குப் பால் ஒரு சொட்டு.
என்னிடம் மட்டும் கேட்பார்.
"இன்று ரொக்கம், நாளை கடன்" அட்டைக்கு நேர் கீழே
நூலில் கட்டிய பென்சிலோடு
கடன் நோட்டு தொங்கும்.
ஏப்ரல் கடைசியில் ஒரு நாள்
கேட்காமலே கோப்பையை நகர்த்தி வைத்தார்.
நான் பெட்டியைக் கீழே வைக்க மறந்து
நின்றபடியே குடித்தேன்.

துல்சலீனாவின் கடைக்கு மே மாதம்தான் போனேன்.
முன்னால் மூட்டை மூட்டையாகச் சோளம், பயறு.
பின்னால் ஆறு மேசை.
கேப் வெர்டேயிலிருந்து வந்தவர்;
ராத்திரி முழுக்க அடுப்பில் கிடக்கும் கஷூப்பா.
காலையில் மிஞ்சியதை வாணலியில் பிரட்டி
மேலே ஒரு முட்டை உடைப்பார்.
பழையதுதான், ஆனால்
அதற்குத்தான் வரிசை நிற்கிறது.

ஒரு கிலோ கல்லை வைத்தேன்.
தராசு தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது என்றது.

"உங்களுக்கு நஷ்டம். கிலோவுக்குப் பதினொரு கிராம்."
"தெரியும். விற்றவனே சொல்லித்தான் விற்றான்."
"சரி செய்யணும்."
"செய்தால்,
துல்சலீனா எடையில் கைவைக்கிறாள் என்று
மூன்று தெருவும் பேசும்."

சட்டத்தில் பிழைக்குத் திசை கிடையாது.
சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
அவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.
"இதை நிறுத்துப் போடவில்லை, பயப்படாமல் சாப்பிடு."
சோளம் பல்லில் முதலில் முரண்டு பிடித்து
அப்புறம் உடைந்தது.
மஞ்சள் கரு பயறுக்குள் இறங்கியது.
ஆறரை யூரோ.
ஒரு காசு குறைக்கவில்லை.

ஜூனில் மெக்கானிக் வந்து தராசைத் திருத்தினான்.
அவர் சொன்னபடியே நடந்தது.
பை இளைத்துவிட்டது என்று பெண்கள் சண்டைக்கு வர,
துல்சலீனா அகப்பையாலேயே
மூலை மேசையைக் காட்டினார்:
"அதோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் பாருங்கள்,
அவரைக் கேளுங்கள்."

மறுநாள் ஜுவெனால்
சமையலறைத் தராசைக் கவுண்டரில் வைத்து
என் கண் முன்னால் தூளை நிறுத்தார்.
"ஏழு கிராம். பார்த்துக்கொள்ளுங்கள்."
பிறகு, முகம் பார்க்காமல்,
"என்ன வேண்டும்?"

ஒன்பது நாள் கேட்டார்.
ஒன்பது நாளும் சொன்னேன்:
குட்டையாக, சர்க்கரை ஒரு பொட்டலம்.
அபீலியோ கூட ரேடியோவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் மழை.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
படியில் ஒரு கால்தான் வைத்திருப்பேன்,
உள்ளே மெஷின் சீறியது.