நாற்பத்தொரு மீட்டர்

விடிய நாலு மணி நேரம் இருக்கையில்
போத்தனூர் கண்ட்ரோலிலிருந்து போன்.
கொச்சியிலிருந்து கரி ஏற்றி வந்த கூட்ஸ்
வாளையாறு தாண்டிக் காட்டு ஏற்றத்தில் நிற்கிறதாம்.
"எங்கீங்க மேடம்?"
"நிக்கக் கூடாத எடத்துல."

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.
கிழக்கே இருந்து வரும் இருபத்தைந்தாயிரம் வோல்ட்டும்
மேற்கே இருந்து வரும் இருபத்தைந்தாயிரம் வோல்ட்டும்
ஒரே குலத்துப் பங்காளிகள்தான்.
ஆனால் முட்டிக்கொள்ளக் கூடாது.
முட்டினால் பீங்கான் தெறிக்கும்,
கம்பி உருகிச் சொட்டும்.
அதனால் நடுவே,
இரண்டு தோட்டத்து வேலிக்கு இடையில் விட்ட
இட்டேரி மாதிரி,
எவருக்கும் சேராத கம்பி
நாற்பத்தொரு மீட்டர்.
கரண்ட் கிடையாது.
சுவிட்சைத் திறந்துவிட்டு
வந்த வேகத்திலேயே கடக்க வேண்டும்,
கிணற்றில் மூச்சடக்கி அடிமண் தொடுகிறவன் போல.
மெமுவில் போகிறவர்களுக்கு
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்,
அவ்வளவுதான்.

இன்றைக்கு ஆனை.
ஏழு என்றார் டிரைவர் அருள்தாஸ்.
ஒன்பது என்றாள் உதவி டிரைவர் சௌமினி,
குட்டிகளையும் எண்ணியவள்.
பிரேக் பிடித்ததில் எதுவும் அடிபடவில்லை.
வண்டி நின்றது,
அளந்து வைத்தாற்போல்
இட்டேரிக்கு நேர் கீழே.
முன் பேண்டோவைத் தூக்கிப் பார்த்தார், செத்த கம்பி.
பின் பேண்டோ, அதுவும்.
முதுகில் ஐம்பத்தெட்டு வேகன் கரி,
யார் வீட்டு உலைக்கோ போகிற நெருப்பு.
எஞ்சினுக்கு அதில் ஒரு பொட்டு உதவாது.

ஜீப் கேட்டோடு நின்றுவிட்டது.
நானும் ஹெல்பர் பட்டீஸ்வரனும்
ஒன்றரைக் கிலோமீட்டர் ஜல்லியில் நடந்தோம்.
டார்ச்சை அணை என்றேன். எரியட்டும் என்றான்.
அணைத்தோம். எரியவிட்டோம்.
ஆடிக் காற்று பாலக்காட்டிலிருந்து நேராக மூஞ்சிக்கு.
நல்லதுதான், எங்கள் வாடை பின்னால் போகும்.
எங்கோ மூங்கில் முறிந்தது.
"ஏனுங், ஆனைக்கும் ஷாக் அடிக்குமுங்களா?"
"அடிக்கும். பேசாம வா."

கம்பத்தில் பூட்டு, பூட்டில் துரு, துருவுக்கு எச்சில்.
சம்பூர்ணம் மேடம் பிரைவேட் நம்பர் சொன்னார், நாற்பத்தேழு.
நான் என்னுடையதைச் சொன்னேன், பதினெட்டு.
"கெழக்கால இருக்கறத மட்டும் மூடுங்க.
ரெண்டையும் மூடிராதீங்க, சாமி."
இருபது வருஷமாகத் தெரிந்த பாடம்.
இருந்தும் உள்ளங்கை வேர்த்தது.

கைப்பிடியை இழுத்தேன்.
மேலே நீலமாய் ஒரு நறுக்கு,
அப்புறம் தேனடை போல ஒரு முணுமுணுப்பு.
எஞ்சினுக்குள் ப்ளோயர்கள்
ஒவ்வொன்றாய் எழுந்து உட்கார்ந்தன.
பிரேக் பைப்பில் காற்று ஏறப் பன்னிரண்டு நிமிடம்.
அந்த நேரமெல்லாம் சௌமினி
கதவோரம் நின்று காட்டைப் பார்த்து
மலையாளத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்,
எங்களிடம் இல்லை.

வண்டி நகர்ந்தது. நெடுநேரம் நகர்ந்துகொண்டே இருந்தது.
கடைசியில் ஒரு சிவப்புப் பொட்டு.

இனிமேல்தான் எனக்குப் பிடிக்காத வேலை.
கைப்பிடியைத் திரும்பத் தள்ளி
கம்பியை மறுபடி சாகவைத்துப் பூட்ட வேண்டும்,
அடுத்த எக்ஸ்பிரஸ் வருமுன்.
தள்ளினேன்.
முணுமுணுப்பு நின்ற இடத்தில்
சில்வண்டு இருந்தது தெரிந்தது.

திரும்பி நடந்தோம்.
கேட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கையில்
ஸ்லீப்பர் மேல் சாணம்,
ஆவி பறக்க.
போகும்போது அது அங்கே இல்லை.

இந்த முறை
யாரும் யாருக்கும் சொல்லாமல்
டார்ச்சை அணைத்தோம்.