பதினேழு படிகள்

ஜாலான் புசாரில்
குழாய் விற்கும் கடைக்கும் விளக்கு விற்கும் கடைக்கும் நடுவே
ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு ரொட்டிக்கடை.
வரிசை அஞ்சடி வரை வந்து நின்றது.
கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து:
உட்கார்ந்து சாப்பிட மாடிக்கு.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி,
ஏறக்குறைய செங்குத்தாக.

ஜெகதா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
படிகளை எண்ணினாள்.
"பதினேழு" என்றாள்,
மின்கட்டணத்தை வாசிப்பதுபோல.

பதினொரு வருஷம் இந்தத் தெருவில் பேருந்து ஓட்டியவள்.
சிவப்பு விழும்போதெல்லாம்
அவள் இருக்கைக்குச் சற்று மேலே
இந்த மாடி ஜன்னல் வந்து நிற்குமாம்.
உள்ளே யாராவது ஒருவர்
அவசரமே இல்லாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாராம்.
"ஒரு நாள் அங்க உக்காந்து
கீழ நிக்கிற பஸ்ஸைப் பாக்கணும்டி."
அந்த ஒரு நாள் வருவதற்குள்
இடது கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

கல்லாவில் நின்ற ஸுலைக்கா எங்களைப் பார்த்தாள்.
படியைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் அடுப்புப் பக்கம் போய்
மாவு மூட்டை ஒன்றைப் புரட்டி
அதன்மேல் சலவைத் துணி விரித்தாள்.
வெய் ஜுன் தன் தட்டுகளை
இரண்டு அங்குலம் நகர்த்தினார்.
அவரிடம் இருந்த இடம் அவ்வளவுதான்.

இருபத்தைந்து கிலோ கோதுமையின்மேல்
ஜெகதா உட்கார்ந்தாள்.
"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

மாடி அழகாக இருந்தது.
அதுதான் சிக்கல்.
பச்சைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில்
பலகைத் தரையில் மெதுவாய் நகர்ந்தது.
ஒரு குழந்தை குரோசானை அடுக்கடுக்காய் உரித்து
ஒவ்வோர் அடுக்கையும் அப்பாவிடம் காட்டியது.
ஜன்னலோர மேசை காலி.
ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் அதைக் காவல் காத்தது.
பொட்டலத்தின் சொந்தக்காரர் வருமுன்
ஒரு நிமிடம் திருட்டுத்தனமாய் உட்கார்ந்தேன்.

கீழே சிவப்பு விழுந்தது.
பேருந்து ஒன்று வந்து நின்றது.
ஓட்டுநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் துடைத்தார்.
ஊதினார். மறுபடி துடைத்தார்.
பச்சை. போய்விட்டார்.

"எப்படி இருக்கு?"
"ஒரே புழுக்கம். ஏசி ஓடல.
நாற்காலி எல்லாம் இரும்பு, முதுகு பிடிச்சுக்கும்.
பக்கத்து மேசையில ஒரு ஆளு போன்ல
இன்ஷூரன்ஸ் வித்துக்கிட்டிருக்கான்.
ஜன்னல்ல பாதிக்கு ஏதோ விளம்பரத் துணி வேற..."

அவள் புளித்த மாவு ரொட்டியின் மேலோட்டை
விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள்.
ஆளில்லாத வீட்டுக் கதவின் சத்தம்.
"பொய் சொல்றப்ப மட்டும்தான்
நீ இவ்வளவு விவரமா சொல்லுவே" என்றாள்.

அடுப்புக் கதவு திறந்தது.
முகத்தில் அனல்; பேசாமலிருக்க ஒரு சாக்கு.
நீளத் துடுப்பால் எட்டு ரொட்டிகளை
இழுத்துப் போட்டார் வெய் ஜுன்.
ஆற ஆற அவை
மேல்தோல் வெடித்து முணுமுணுத்தன.
மாடியில் இருப்பவர்களுக்கு இது கேட்காது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆறுதல்போல் ஒலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெண்ணெயில் உப்பு கொஞ்சம் தூக்கல்.
பதினாலு வெள்ளிக்கு
இன்னும் பெரிதாகவே தரலாம் என்பதில்
எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை.

"பஸ் நின்னுச்சா?"
"நின்னுச்சு."
"டிரைவர் மேல பாத்தாரா?"
வாயில் ரொட்டி இருந்தது.
மென்று விழுங்கினேன்.
"பாத்தாரு."

அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
கருகிய ஓரத்தை, அதாவது நல்ல ஓரத்தை,
எனக்குப் பிய்த்துத் தந்தாள்.

கிளம்பும்போது
அவள் காற்சட்டையின் பின்புறம் முழுக்க மாவு.
தட்டிவிடப் போன என் கையைத் தடுத்தாள்.
"இருக்கட்டும்.
பஸ்ல எவனாவது கேக்கட்டும்."