பிங்க் விழுந்த சத்தம்

உட்துறைமுக வீதியில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு அடி மேசை ஒன்று,
வெள்ளைக்காரனின் கடற்படை விட்டுப்போனதாம்.
முதலாளி சொல்வார், நான் நம்புவதில்லை.
ஒரு காலுக்கடியில் லொத்தர்ச் சீட்டை மடித்து வைத்திருக்கிறோம்,
கடல்பக்கம் சாய்கிறது என்று.

என் வேலை புள்ளி தள்ளுவது.
பலகையில் பித்தளை முள்ளை
இரவு பத்துமணி மட்டும்.
ஆகையால் எனக்குத் தெரியும்,
அந்த முள்ளுக்கு எட்டாதது எது என்று.

விமலசேகரம் ஐயா, வங்கியில் கடன் பிரிவு.
பந்தையும் கடன் கொடுப்பதுபோல்தான் அடிப்பார்:
திரும்பி வரும் என்று உறுதியானால் மட்டும்.
இல்லாவிட்டால் வெள்ளையைக் கொண்டுபோய்
பிரவுணுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு
கைக்குட்டையால் கண்ணாடி துடைப்பார்.
வருடம் முழுக்க வெல்வார்.
அவர் அடிக்கும்போது பெடியள் கீழே இறங்கி
தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள்.

நிஸ்தார் படியேறினால்
கீழே டயர் கழற்றுகிறவன்
நட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேலே வருவான்.

கிண்ணியாக்காரன். ஐஸ் தொழிற்சாலையில் மோட்டார் பார்க்கிறவன்.
விரலில் கிறீஸ் போகாது.
துணியில் கைவைக்குமுன் என் சாரத்தில் துடைப்பான்,
கேட்காமல்.

வேகம் என்றான் ஒருவன்.
வேகமாக அடித்து வேகமாகத் தோற்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய.
குறி என்றான் இன்னொருவன்.
குறி ஐயாவிடமும் இருக்கிறது.

நான் கண்டது இது.
நாங்கள் எல்லோரும் விழவேண்டிய பந்தைப் பார்க்கிறோம்.
அவன் வெறும் துணியைப் பார்க்கிறான்.
வெள்ளை இன்னும் வந்து சேராத ஓரிடத்தை,
சோக்கை உரசிக்கொண்டே,
அங்கே யாரோ ஏற்கனவே உட்கார்ந்திருப்பதுபோல்
தலையசைக்கிறான்.
பிறகு நாங்களும் அங்கே பார்க்கிறோம்.
பிறகு ஒருவரும் இருமுவதில்லை.

அன்றைக்குக் கடைசி ஆட்டம்.
பிங்க்கும் கறுப்பும் மிச்சம்.
நிஸ்தார் எட்டுப் புள்ளி பின்னால்.
பிங்க் நீளக் குஷனில் கன்னம் வைத்துப் படுத்திருந்தது.
கறுப்பு மறுதொங்கலில்.
"விடு தம்பி, ஒளிச்சு வை" என்றார் ஐயாவே.
அவன் துணியைப் பார்த்தான்.
என் சாரத்தில் ஒருதரம் துடைத்தான்.
குனிந்தான்.

கோல் பட்டதும் கரண்ட் போய்விட்டது.

பிங்க் விழுந்தது. கேட்டோம்.
மின்விசிறி தன் கடைசிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்க
வெள்ளை இருட்டில் ஓடியது.
ஒரு குஷன்.
மற்றக் குஷன்.
இன்னொன்று, மெத்தென்று.
அதற்குப்பிறகு உருளும் சத்தம் மெலிந்து மெலிந்து
நின்றதா, எங்கள் காதுதான் நின்றதா,
தெரியவில்லை.

எல்லோர் பையிலும் போன் இருந்தது.
ஒருவனும் எடுக்கவில்லை.
யன்னல் கம்பியில் தூரக் கப்பலொன்றின் விளக்கு.

"கறுப்புக்கு இடப்பக்கம், ஒரு சாண்"
என்றது அவன் குரல்.

டயர்க்காரன்தான் பொறுக்காமல் வெளிச்சம் அடித்தான்.
ஒரு சாண், இரண்டு விரல்.
நாங்கள் கத்திய கத்தில்
பூட்டிய பார்மசிக்காரன் கதவு திறந்தான்.
நிஸ்தார் மட்டும் அந்த இரண்டு விரலைப் பார்த்து
"ச்சே" என்றான்.

கரண்ட் வந்தது.
கறுப்பு, என் மகள் அடித்தாலும் விழுகிற கறுப்பு.
தவறவிட்டான்.
வாயில் ஆடிவிட்டு வெளியே வந்து நின்றது.
ஐயா கண்ணாடி துடைத்தார்; போட்டார்.
ஒன்பது புள்ளி வித்தியாசம்.
முள்ளைத் தள்ளினேன், வேலைதானே.

மேசைக்கு உறைபோட்டுக் கீழே இறங்கினால்
பெடியள் இன்னும் போகவில்லை.
ஒரு சாணா, சாணும் இரண்டு விரலுமா என்று
ரோட்டில் கை விரித்து அளந்துகொண்டு.
முற்றவெளிப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது,
தின்ன ஏதும் இருக்கும் என்று.

ஐயா மோட்டார்சைக்கிளை உதைக்கவில்லை.
ஹெல்மெட்டைப் போட்டார். கழற்றினார்.
"நீ கிட்ட நிண்டனி" என்றார் என்னிடம்.
"மூண்டு குஷனோ, நாலோ?"

மூன்று என்றேன்.

"எனக்கு நாலு கேட்டது"
என்றார், வென்றவர்.