ஒரு நாள் வட்டி

பேப்பரில் நார்மண்டி.
மூன்று புகைபோக்கி, ஒன்றின் மேல் எண்ணெய்க் கறை.
நான்கு நாள் மூன்று மணியில் அட்லாண்டிக்கைத் தாண்டி
கொடிமரத்தில் நீல நாடா கட்டிக்கொண்டதாம்.

தேவகோட்டைக் கடையில்
தேனப்ப செட்டியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"அதுல உண்டியல் எத்தனை போச்சு?"
யாருக்கும் தெரியவில்லை.

நம்ம கடலிலும் பந்தயம் உண்டு.
பினாங்குக்கு ஆறே நாள் என்று
ரயிலடிச் சுவரில் ஒரு கம்பெனி நோட்டீஸ்.
பசை காயுமுன் அதன் மேலேயே
ஐந்தே முக்கால் என்று மற்றவன் ஒட்டினான்.
அந்தக் கால் நாளுக்கு
எத்தனை கூடை கரி கூடுதலாக அள்ளினார்கள் என்று
எந்த நோட்டீஸிலும் இல்லை.

செட்டியாருக்கு இரண்டு கப்பலும் வேண்டும்.
கொடுக்கிற பணம் பறந்து போகணும்,
இறங்கின நிமிஷமே வட்டி முளைக்கும்.
திரும்புகிற பணம்
ஆமை மேல் ஏறி வரட்டும்.
ஈப்போக்காரன் ஒருவன் கடனடைக்க
வேகக் கப்பலைப் பிடித்துவிட்டான்.
அன்று பேரேட்டை மூடிவிட்டுச் சொன்னார்:
"ஒரு நாள் வட்டியக் கடல் குடிச்சிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள்.
பெட்டியடியில் நான் மட்டும்
சில்லறையை மறுபடி எண்ணினேன்.
ஆடி கழிந்தால் என் முறை:
டெக் டிக்கெட், தகரப்பெட்டி,
மூணு வருசக் கணக்கு.

ராத்திரி சிகப்பியிடம்
ஏதோ நானே ஓட்டுகிற மாதிரி சொன்னேன்,
கப்பல் இப்போ ஐந்தே முக்கால் நாள்தான் என்று.
விளக்குத் திரியைக் கிள்ளிவிட்டுக் கேட்டாள்:
"போறதுக்கா, வர்றதுக்கா?"