மூன்றாவது பங்சர்

வாகடூகூ போகிற சாலையில்
இந்த வாரம் மூன்றாவது.
ஹேண்டிலில் தலைகீழாய்ப் பன்னிரண்டு கினிக்கோழி,
பல்லிடுக்கில் ஹர்மட்டான் புழுதி.

"ஒட்டுப் போட்டவன் சரியில்லை" என்றேன்.
பிபாட்டா பதில் சொல்லவில்லை.
வண்டியைக் கட்டைமேல் ஏற்றினாள்.
மிச்சக் காற்றும் சீறி அடங்கும்வரை
நெம்புகோலைத் தொடவே இல்லை.

டியூபைத் தண்ணீரில் அமுக்கினாள்.
பழைய ஒட்டுகள் இரண்டும் கம்மென்று கிடக்க,
விரலளவு தள்ளி
ஒரு குமிழி.

சந்தை பதினொன்றுக்குக் கலைந்துவிடும்.
"அதை ஒட்டிக் கொடு, போகிறேன்."
அவளோ டயரின் வயிற்றுக்குள்
பழந்துணி ஒன்றை விட்டுச் சுற்றினாள்,
கழுவிய பானையை உள்ளே துடைப்பதுபோல.

துணி ஓரிடத்தில் மாட்டி நின்றது.

குறடு கடித்து இழுத்தது
ஒரு கருவேல முள்.
உள்ளே நீட்டியிருந்தது எள்ளளவு முனை.
இதைச் சுமந்துகொண்டுதான்
வழியிலிருந்த ஒட்டுக்காரனையெல்லாம்
திட்டித் திரிந்திருக்கிறேன்.

எழுநூறு பிராங்க் கேட்டாள்.
ஐந்நூறு என்றேன், பழக்கதோஷம்.
முள்ளை நீட்டினாள்:
"அப்போ இதையும் எடுத்துப் போ."

எழுநூறு கொடுத்தேன்.
"அந்த வேப்பமரம்வரை மெதுவாய்ப் போ.
திரும்பி வந்து காட்டு."

போனேன். வந்தேன்.
கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தாள்.
மணி பதினொன்று பத்து.
கோழிகள் கத்திக்கொண்டே இருந்தன.